கயிற்றின் மேல்முனை

“தவமணி கல் தூக்க மாட்டேங்கிறாங்க, சாமி” என்றார் நல்லபெருமாள்.

சாமி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நல்லபெருமாள் அவருடைய சீடர். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மடத்துக்கு வந்து சேர்ந்தவர். நல்ல மனிதர். அதுதான் தொந்தரவு.

கடல் தாண்டி அகதிகளாக வந்தவர்கள் ஊர்ச் சத்திரத்தில் தங்கியிருந்தார்கள். உயிரைத் தவிர அவர்கள் கொண்டுவந்தது அதிகமில்லை. ஊர்த் தலைவர் பூவலிங்கம் கஞ்சி ஊற்ற ஒப்புக்கொண்டார். ஆனால் வேலை செய்யாதவருக்கு ஊரில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். வேலை பார்த்துக் கொடுப்பது நல்லபெருமாள் பொறுப்பு.

“என்ன வேலை கொடுத்தே?”

“கோயிலுக்குக் கிழக்கே கிடந்த கல்லையெல்லாம் மேற்கே கொண்டுபோய் அடுக்கச் சொன்னேன்.”

“எதுக்கு?”

நல்லபெருமாள் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

“அடுக்கியும் முடிச்சுட்டாங்க, சாமி. அதனால…”

“அதனால?”

“திரும்பக் கிழக்கே கொண்டுபோகச் சொன்னேன்.”

சாமி இப்போது நிமிர்ந்தார்.

“சும்மா உட்கார்ந்து திங்கிறாங்கன்னு ஊர் பேசக்கூடாதில்ல? அவங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன். மத்தவங்க வாயைத் திறக்காம தூக்குறாங்க. இந்தம்மா மட்டும் கல்லைக் கீழே போட்டுட்டு நிக்குது.”

“நிக்கட்டும்.”

“தலைவர் வேன் அனுப்புறாராம், சாமி. இன்னிக்கு மத்தியானம். அந்தம்மாவையும் ரெண்டு பிள்ளைங்களையும் ஏத்திக்கொண்டுபோய் டவுன் பஸ் ஸ்டாண்டில இறக்கி விட்டுடுவாங்க. அப்புறம் அவங்க பாடு. பிள்ளைங்க இப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிருக்கு. நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“கூப்பிடு.”

தவமணி வந்தாள். நாற்பது வயதிருக்கும். உயரமானவள். கையில் கல் கீறிய காயம்.

“ஏம்மா, கல்லு கனமா?”

“கனமில்லை, ஐயா.”

“பின்னே?”

“அது அங்க கிடந்தா என்ன, இங்க கிடந்தா என்ன? ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. நான் தூக்கினாலும் அப்பிடித்தான், தூக்காட்டியும் அப்பிடித்தான்.”

“கஞ்சி வேணாமா?”

“வேணும்.”

“பிள்ளைங்க?”

அவள் சத்திரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தாடை இறுகியது.

“பாத்தீங்களா? இந்தப் பிடிவாதம்தான்” என்றார் நல்லபெருமாள். “வேன் வந்துடும்மா. சாமி முன்னாடியாவது சரின்னு சொல்லிடு. நாளைக்கு வேற இடத்துக் கல்லாப் பாத்துத் தர்றேன்.”

சாமி எழுந்தார். புளிக் கையை வேட்டியில் துடைத்தார். நேராகக் கிணற்றடிக்கு நடந்தார்.

மடத்துக் கிணறு பழசு. சுற்றுச்சுவர் பாதி உதிர்ந்துவிட்டது. தண்ணீர் அடிக்குப் போய்விட்டது.

“உள்ளே சேறு எவ்வளவுன்னு பார்க்கணும்” என்றார்.

தாம்புக்கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினார். கயிறு உருளையில் ஏறி மறுபக்கம் தொங்கியது. அந்த முனையை எடுத்துத் தவமணியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் முகம் மாறியது.

“சாமி!” நல்லபெருமாள் ஓடிவந்தார். “என்ன காரியம் இது? வேணும்னா நான் பிடிக்கிறேன்.”

“நீ கல்லைப் பாரு.”

“மரத்துலயாவது கட்டுங்க!”

“மரத்துக்கு நான் ஏறுறதும் தெரியாது, இறங்குறதும் தெரியாது.”

“இந்தம்மா ஊருக்குப் புதுசு. யாரு எவருன்னு நமக்குத் தெரியாது, சாமி!”

“எனக்கும்தான் தெரியாது.”

சாமி சுவரில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டார்.

“ஐயா, எப்பிடிப் பிடிக்கிறது?” தவமணி கேட்டாள்.

“விடாம.”

“விட்டிட்டன் எண்டால்?”

“விழுந்துடுவேன்.”

இறங்கிவிட்டார்.

தவமணி கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். துணி துவைக்கிற கல்லில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டாள். விரல்கள் வெளுத்தன.

படிக்கல் பாதிக் கிணறுவரைதான். அதற்குக் கீழே கயிறு ஒன்றுதான்.

“விடு கொஞ்சம்” என்றார் சாமி உள்ளிருந்து.

விட்டாள்.

“போதும்.”

நிறுத்தினாள். உருளை கிறீச்சிட்டது. நல்லபெருமாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மேல்துண்டு வியர்வையில் நனைந்துவிட்டது.

வாசலில் வேன் வந்து நின்றது.

தலைவர் பூவலிங்கம் இறங்கி நேராக உள்ளே வந்தார். “எங்கே அந்தம்மா? நீங்கதானா? பிள்ளைங்களைக் கூப்பிட்டுக்கிட்டு வந்து ஏறுங்க.”

தவமணி திரும்பவில்லை.

“உங்ககிட்டதான் பேசுறேன். இங்கே என்ன கயிறு இழுக்கிற விளையாட்டு?”

“தலைவரே, சாமி உள்ளே தொங்குறாரு” என்றார் நல்லபெருமாள்.

தலைவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு நல்லபெருமாள்மேல் பாய்ந்தார்.

“உனக்கு அறிவிருக்கா? சாமியைக் கொண்டுபோய் யார் கையில கொடுத்திருக்கே? வாங்குய்யா அதை! நீ பிடி!”

நல்லபெருமாள் கையை நீட்டினார்.

“தரமாட்டன்” என்றாள் தவமணி.

“கொடுத்துடும்மா. தலைவர் சொல்றாருல்ல?”

“இதை என்னட்டத் தந்தவர் கீழ இருக்கிறார். அவர் சொல்லட்டும், தாறன்.”

“திமிரைப் பாரு” என்றார் தலைவர். “அவரையே கேட்கிறேன்.”

விறுவிறுவென்று போனார். உதிர்ந்த சுவரில் ஒரு காலை ஊன்றிக் குனிந்தார்.

“சாமி! கயித்தை நல்லபெருமாள்கிட்ட—”

காலடியில் ஒரு கல் பெயர்ந்தது.

உள்ளே எதன்மேலோ மோதிய சத்தம். பிறகு தண்ணீரில் கல் விழுந்த சத்தம். கயிறு வெடுக்கென்று இழுத்தது. தவமணி துவைக்கிற கல்லிலிருந்து வழுக்கி, சுவர்வரைக்கும் தரையோடு இழுபட்டுப் போனாள். முழங்கால் கிழிந்தது. சுவரில் காலைக் கொடுத்தாள். நின்றாள்.

கயிறும் நின்றது.

உள்ளே சத்தமே இல்லை.

“சாமி…” என்று கூப்பிட்டார் நல்லபெருமாள்.

“தோள்லதான் பட்டது” என்று கீழிருந்து குரல் வந்தது. “எவன்டா அங்கே நிக்கிறது?”

தலைவர் அசையவில்லை. ஊன்றிய கால் ஊன்றியபடி இருந்தது. அதன் கீழே இன்னொரு கல் ஆடியது.

“காலை எடு!” தவமணி கத்தினாள்.

அந்த ஊரில் பூவலிங்கத்திடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

அவர் காலை எடுத்தார்.

“பின்னால வா. கயித்தைப் பிடி. நீங்களும் வாங்கோ, ஐயா. நான் இழு எண்டால் இழுக்கவேணும். நில் எண்டால் நிக்கவேணும்.”

நல்லபெருமாள் அவளுக்குப் பின்னால் போய்ப் பிடித்தார். அவருக்குப் பின்னால் தலைவர் பிடித்தார். மடிப்புக் கலையாத சட்டைக் கை, சேற்றுக் கயிற்றில்.

“இழு.”

இழுத்தார்கள்.

“நில்.”

நின்றார்கள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான்.

“தலைவரே, அந்தம்மாவை ஏத்துறதுன்னா ஏத்துங்க. எனக்கு நேரமாகுது.”

தலைவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போடா” என்றார். “இங்கே வேலை நடக்குது.”