சாவி தேடியவள்

அமுதரசிக்கு அநியாயம் நடந்தது காலையில். பிரான்சு போய்ப் படிக்க இடம் தரும் நேர்முகத் தேர்வில். செய்தவர் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு பேராசிரியர்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

'தேடு' காதில் விழுந்ததுதான் தாமதம்.

"ஜ ஷெர்ஷ், து ஷெர்ஷ், இல் ஷெர்ஷ்..." நான், நீ, அவன் என்று வரிசை பிசகாமல் ஒப்பித்தாள். நிகழ்காலம் முடித்து எதிர்காலத்துக்குத் தாவும்போது அவர் கையைத் தூக்கினார்.

"ஜோசியக்காரன் கிளி! போதும். அடுத்த ஆள் வரலாம்."

அமுதரசி விடுவாளா? அலுவலகத்தில் அவள் போட்ட சண்டையில், மூன்று மணிக்கு மறுபடி வரச் சொன்னார்கள்.

நேரே ஆசிரியை மதாம் திரேஸின் மாடிக்கு வந்தாள். ஸ்கூட்டர் சாவியை மேஜைமேல் விட்டெறிந்தாள்.

"என்னைக் கிளி என்கிறான் மதாம்!"

"ஒப்பித்தாயா?"

"ஒப்பித்தேன். ஒரு விகுதி தப்பவில்லை. எல்லாக் காலமும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்னவா? வினைச்சொல் காதில் விழுந்ததும் கோரஸ் பாடப் பழக்கியது யார்? நீங்கள்தானே!"

"நானேதான். காபி குடிக்கிறாயா?"

"உங்கள் மாணவி மானம் கெட்டு நிற்கிறாள், காபியாம் காபி!"

காபி வந்தது. குடித்தாள். கோபம் வேறு, காபி வேறு.

கிளம்ப எழுந்தாள். சாவியைக் காணோம்.

மேஜைக்கு அடியில் பார்த்தாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தேடுகிறாய்?" என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார்.

அவருடைய முந்தானை முடிச்சு கனத்துத் தொங்கியது. அமுதரசி அதைப் பார்த்துவிட்டாள்.

"சாவியைத் தேடுகிறேன்! நீங்கள்தான் ஒளித்தீர்கள்! கொடுங்கள்! இல்லையென்றால் தெருவே திரளக் கத்துவேன்!"

அத்தனையும் பிரெஞ்சு. சரவெடி மாதிரி.

கீழே வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

அமுதரசி தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மதாம் முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினார்.

மூன்று மணி. அதே நாற்காலி. அதே சாய்வு.

"வந்துவிட்டதா கிளி? சரி, என்ன தேடுகிறீர்கள்?"

"என் இடத்தைத் தேடுகிறேன், முசியே. காலையில் நீங்கள்தான் ஒளித்தீர்கள். கொடுங்கள்."