கட்டைவிரல் உத்தரவு

முகத்துவாரத்துக் கொடுவா மீன் தப்பினால், தூண்டில் கம்பும் ரீலும் பொறுக்கி எடுத்தவன் கட்டைவிரல் போகும். இது மீன் பிடிக்க வந்த ஜமீன்தார் உத்தரவு. இரண்டு படகோட்டிகளுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அரிவாள்காரன் கரையிலேயே நின்றான்.

மூன்றாவது படகோட்டி எஸ்தாக்கி மெல்லிய கம்பை எடுத்து ரீலைத் தளர்த்தினான்.

“வளையிற கம்பு எனக்காடா?” ஜமீன்தார் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த கம்பை எடுத்தார். ஒரு முழம் தூண்டில் நரம்புகூட ஓடாதபடி ரீலைத் தானே இறுக்கினார்.

“தாங்குமான்னு இழுத்துப் பாக்கணும் சாமி. கொடுவா பலம் இங்க சாமிக்குத்தான் இருக்கு” என்றான் எஸ்தாக்கி.

ஜமீன்தார் பூரித்துப்போய் நரம்பை இடுப்பில் சுற்றிக்கொண்டார். எஸ்தாக்கி கம்பைப் பிடிக்க, அவர் மீனாகப் பாய்ந்தார். நரம்பு படாரென்று அறுந்தது. சேற்றில் குப்புற விழுந்தார்.

எஸ்தாக்கி அறுந்த நரம்போடு கம்பைத் தூக்கிக் காட்டினான். “மீன் தப்பிருச்சு சாமி. கம்பும் ரீலும் பொறுக்கி எடுத்தது யாரு?”

அரிவாள்காரன் ஜமீன்தாரின் கையைப் பார்த்தான்.