ஜெயக்கொடி அண்ணாச்சி வீட்டு சோலார்

பம்புசெட்டு சாமிக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருந்த ஏழெட்டுப் பேரில் மூத்தவர் ஜெயக்கொடி அண்ணாச்சி. சாமிக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த சாமி, ஒருநாள் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே வற்றிப்போன கிணற்றின் பம்புசெட்டு அறையில் போய் உட்கார்ந்துவிட்டார். பேர் வந்த கதை அவ்வளவுதான். அண்ணாச்சியோ பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்று காலை பத்து மணிக்கு முகம் கடுகடுவென்று வந்து நின்றார்.

"சாமி, ஒரே ஒரு கேள்வி. மாடியில சோலார் போட்டது லாபமா, நஷ்டமா?"

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் உட்காருங்கள், பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்.

சொல்ல ஆரம்பித்தவர் மூச்சு விடவில்லை. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியை மாடியில் பலகை பலகையாக ஏற்றிவிட்டார். ஏற்றியதோடு விட்டாரா? இனி ஊரே இருண்டாலும் நம்ம வீட்டில் ஃபேன் ஓடும் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். கரண்ட் பில் குறைந்தது என்னவோ நிஜம்தான். ஆனால் போன வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. நட்டநடு மத்தியானம், வீடு கொள்ளாத கூட்டம், மண்டையைப் பிளக்கிற வெயில். கரண்ட் போனது. அண்ணாச்சி வீட்டு ஃபேனும் கூடவே நின்றது.

வந்த பெண்கள் தாம்பூலத் தட்டை எடுத்து விசிறிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா அதோடு விட்டிருக்கலாம். "மேல இவ்வளவு வெயில் அடிக்குதே, உங்க கரண்ட் மட்டும் நிழலுக்கு ஒதுங்கிருச்சா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டார். வீடே சிரித்தது. இதைக் கேட்ட சாமிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கீரையை முகத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி பார்ப்பதுபோல் சமாளித்தார்.

சோலார் போட்டவர்களைப் பிடித்து அண்ணாச்சி சத்தம் போட்டிருக்கிறார். பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்த்த சோலார் அப்படித்தான், லைன் நின்றால் வீட்டில் மாட்டிய இன்வெர்ட்டர் பெட்டியும் தானாக நின்றுவிடும் என்று அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். முதல் நாளே சொன்னோமே என்றும் சொன்னார்கள். சொல்லத்தான் செய்தார்கள், தம்பட்டம் அடிக்கிற அவசரத்தில் இவர் காதில் விழவில்லை.

இப்போது மதுரையில் ஒரு மெக்கானிக் அகப்பட்டிருக்கிறான். அந்தப் பெட்டியை ஏமாற்றி, தெருவில் கரண்ட் போனாலும் ஓட வைத்துவிடுவானாம். இன்றைக்கே வருகிறான். அதைச் செய்வதா, இல்லை மொத்தத்தையும் கழற்றி வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா? மானம் போய்விட்டது சாமி, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று முடித்தார் அண்ணாச்சி.

சாமி கீரையை ஓரமாக வைத்தார்.

"இன்னைக்கு உங்க தெருவுல கரண்ட் இருக்கா?"

"எங்க இருக்கு? மராமத்துன்னு காலையிலேயே நிறுத்திட்டாங்க."

"ரொம்ப நல்லதாப் போச்சு. வண்டிய எடுங்க."

இதில் என்ன நல்லதைக் கண்டார் என்று அண்ணாச்சிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குருவாயிற்றே. மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

தெருமுனைக் கம்பத்தில் லைன்மேன் சவரிமுத்து ஏறியிருந்தார். சாமிக்கு மோட்டார் கடைக் காலத்திலிருந்தே பழக்கம். கம்பத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாமி அண்ணாந்து குரல் கொடுத்தார். நலம் விசாரித்தார். பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டார். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சவரி, மேல பயமா இல்லையா?"

சவரிமுத்து கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிவிட்டு, ஒரு சின்ன நட்டை விரலால் திருகிக்கொண்டிருந்தார். கீழே பார்க்காமலே பேசினார்.

"வர்ற கரண்ட நாங்க நிறுத்திட்டோம் சாமி. டெஸ்டர் வச்சும் பாத்தாச்சு. முன்னெல்லாம் அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. இப்ப மாடிக்கு மாடி பலகை வச்சிருக்காங்கள்ல? நான் கம்பியப் பிடிச்சிருக்கும்போது அங்கேருந்து திரும்பி வந்துச்சுன்னா, என் வீட்டுக்குப் பொணம்தான் போகும். லைன் நின்னா அந்த வீட்டுப் பெட்டியும் தானா நின்னுரும்னு சொல்லியிருக்காங்க. அந்தத் தைரியத்துலதான் கை வைக்கேன்."

அண்ணாச்சி மேலே பார்த்தார். சவரிமுத்து பிடித்திருந்த கம்பி அடுத்த கம்பத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு கிளை பிரிந்து, மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு வீட்டுச் சுவரில் இறங்கியது. அது அவர் வீடு. மாடியில் பலகைகள் வெயிலில் பளபளத்தன. அந்தப் பெட்டியை ஏமாற்ற ஆள் வரச்சொன்னது அண்ணாச்சிக்கு நினைவு வந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மெக்கானிக்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டதாகச் சொல்லி வழி கேட்டான்.

"தம்பி, ஒரு டீயக் குடிச்சுட்டு அப்படியே ஊருக்குத் திரும்பிருங்க. எங்க வீட்டுல வேலை இல்ல. வேற எந்த வீட்டுலயும் அதச் செய்யாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். முகத்தில் மெல்லத் தெளிச்சி வந்தது. சம்பந்தியம்மா இன்னொரு தரம் கேட்டாலும் கேட்கட்டும், சொல்ல இப்போது ஒரு பதில் இருக்கிறது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம் எங்கே போகும்? கேட்ட டிக்கெட்டைக் கையில் வாங்காமல் அவர் நகர்ந்ததே இல்லை.

"அது சரி சாமி, என் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. போட்டது லாபமா, நஷ்டமா?"

சாமி கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. சவரி முழுசா எறங்கி வரட்டும், அவர்ட்டயே கேட்டுருவோம்."