முயல் வீட்டைக் கட்டியது யார்?

ஒரு காட்டில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில், முயல் ஒருத்தி தன் குட்டிகளோடு குடியிருந்தாள். ஐப்பசியில் அடித்த புயல் அவள் குடியிருந்த புதரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவளுக்கு மட்டுமா? முள்ளம்பன்றி, கவுதாரி, கீரி என்று காட்டில் பாதிப் பேருக்கு வீடில்லை. விழுந்து கிடந்த பனைமரத்தின் அடியில் குட்டிகளை ஒளித்துவைத்துவிட்டு முயல் மேயப் போவாள். போன இடத்தில் ஒரு வாய்ப் புல்லை நிம்மதியாக மெல்ல முடியாது.

ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது, பனைமரத்தை ஒட்டியிருந்த மேட்டின் மேல் ஒரு வீடு நின்றது. பனையோலைக் கீற்றையும் கோரைப்புல்லையும் நெருக்கிப் பின்னிய வீடு. ஒரு முயல் நுழையும் அளவுக்குத்தான் வாசல். உள்ளே காய்ந்த புல் மெத்தை வேறு.

முயலுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். குட்டிகளைக் கேட்டாள். அவை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தன, அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருவேளை நானே கட்டிவிட்டு மறந்துவிட்டேனோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள், பாவம்.

கட்டியது யாரென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். காட்டின் ஓரத்தில் ஒரு மாதா கோவில் இருந்தது. அதன் வளாகத்துப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டி வாழ்ந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜன்னலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கிற குருவிகள் அவை. புயல் ஓய்ந்ததும், வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்போம் என்று கிளம்பிவிட்டன. முதலில் கண்ணை மூடி ஜெபம், அப்புறம் அலகில் கீற்று. வீட்டுக்காரர் வெளியே போகும் நேரம் பார்த்துக் கட்டி முடித்துவிட்டுப் பறந்துவிடும். யார் செய்தது என்று வாயைத் திறக்கவே கூடாது என்பது அவற்றின் தலைவன் சவரிமுத்து போட்ட விதி. சொல்லிக் காட்டினால் செய்த நல்லது கெட்டுப்போகும் என்பான் அவன்.

இதெல்லாம் முயலுக்கு எப்படித் தெரியும்? அவள் முள்ளம்பன்றியிடம் ஓடினாள். அவனுக்கும் புது வீடு கிடைத்திருந்தது, அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இரு என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். முயலால் அப்படி இருக்க முடியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம், "என் வீட்டைக் கட்டினது நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள்.

அந்தக் கேள்வி நரியின் காதிலும் விழுந்தது. உழைக்காமல் சாப்பிடுவதில் அவனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. மறுநாளே முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தான்.

"தங்கச்சி, சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நீ ஊரெல்லாம் கேட்டுத் திரியிறதைப் பார்த்தா மனசு கேக்கல. வீட்டைக் கட்டினது நான்தான்."

முயல் திகைத்து நின்றாள். நரியா? போன கோடையில் தன் அக்காள் மகனைத் தூக்கிக்கொண்டு போன நரியா? ஆனால் வேறு யாரும் நான் கட்டினேன் என்று சொல்லவில்லையே. புயலுக்குப் பிறகு திருந்திவிட்டானோ? கட்டிக் கொடுத்தவனைச் சந்தேகப்படுவது பாவமில்லையா? இப்படியும் அப்படியும் நினைத்து அவளுக்கு மண்டை குழம்பியது.

"என்ன கைம்மாறு செய்யணும் அண்ணே?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கு எதுக்குக் கைம்மாறு? பிள்ளைங்களைக் கொஞ்சம் வெளியே கூப்பிடு. கண்ணால பார்த்துட்டுப் போயிடுறேன்."

கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டால் நன்றி கெட்டவள். கடைசியில் நன்றிதான் பெரிதாகத் தெரிந்தது. மெல்லிய குரலில் குட்டிகளைக் கூப்பிட்டாள். வாசலில் குட்டிக் காதுகள் எட்டிப் பார்த்தன. நரிக்கு வாயில் எச்சில் ஊறியது.

அடுத்த வீட்டுக்குக் கீற்று கிழித்துக்கொண்டிருந்த சவரிமுத்து பக்கத்துப் பனைமேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். பேசினால் விதி போகும். பேசாவிட்டால் குட்டிகள் போகும். அவன் தலையும் ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு விர்ரென்று இறங்கிக் கூரைமேல் உட்கார்ந்தான்.

"அம்மா, பிள்ளைங்களை உள்ளே தள்ளு. இந்த வீட்டைக் கட்டினது நாங்க."

நரி சிரித்தான். "இத்தனை நாள் எங்கே போயிருந்தான் இவன்? நான் சொன்னதும் பங்குக்கு வந்துட்டான் பாரு."

நேற்றுவரை ஒருவரும் இல்லை, இன்று இரண்டு பேர். முயல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, குட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு, கூரையிலிருந்து ஒரு கீற்றைப் பல்லால் உருவிக் கீழே போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல. கட்டினது யாரோ, அவங்க இதைப் பழையபடி பின்னிக் காட்டுங்க."

நரி முந்திக்கொண்டான். கீற்றை வாயில் கவ்விக் கூரையில் குத்தினான், திணித்தான், இழுத்தான். கீற்று நார் நாராகக் கிழிந்ததுதான் மிச்சம். சவரிமுத்து வேறொரு கீற்றை எடுத்து, இந்தப் பக்கம் நுழைத்து, அந்தப் பக்கம் இழுத்து, முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்தான். உருவிய இடமே தெரியவில்லை.

முயல் ஒரே தாவலில் வீட்டுக்குள் போய்விட்டாள். நரி மூக்கை வாசலில் நுழைத்துப் பார்த்தான், மூக்கு மட்டும்தான் நுழைந்தது. அசடு வழியத் திரும்பி நடந்தான்.

அவன் போன பிறகு முயல் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"ஏன் முதல்லயே சொல்லல?"

"சொல்லிக் காட்டுறது தப்புன்னு எங்க வழக்கம், அம்மா."

"நீங்க சொல்லாம இருந்து நல்லவங்களாயிட்டீங்க. நான் நன்றி சொல்றேன்னு என் பிள்ளைங்களையே நரிக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேனே."

சவரிமுத்து பறந்துபோய் மற்றக் குருவிகளிடம் இதைச் சொன்னான். அதன்பிறகு குருவிகள் ஒரு வீட்டைக் கட்டி முடித்தால், வீட்டுக்காரர் வந்து சேரும்வரை கூரைமேல் காத்திருந்தன.

நீதி: செய்த உதவியைத் தம்பட்டம் அடிக்காதே, ஆனால் அடுத்தவனைக் கெடுக்க ஒருவன் அதைத் தனதென்று சொன்னால் வாய் மூடியும் இராதே.