பொட்டுவின் முழு வாக்கியம்

காட்டுக் குட்டையின் கரையில் ஒரு மான் கூட்டம் மேய்ந்து வந்தது. கரையோர மருத மரங்களில் கருமந்திகள் குடியிருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் வெகுநாள் ஏற்பாடு ஒன்று உண்டு. மந்திகள் மேலேயிருந்து பார்க்கும், மான்கள் கீழேயிருந்து மோப்பம் பிடிக்கும். யாருக்குப் புலி தெரிந்தாலும் ஒரே ஒரு கத்து. என்ன ஏது என்று ஒருவரும் நின்று கேட்பதில்லை. அத்தனை பேரும் ஓடிவிடுவார்கள்.

அப்படியும் செவலை என்ற பெண்மானின் மூத்த குட்டியைப் புலி கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து செவலைக்குத் தூக்கமே இல்லை. மிச்சமிருந்த ஒரே குட்டி பொட்டுவாவது பயமில்லாமல் வாழவேண்டும் என்று அது தவியாய்த் தவித்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மைனா வந்து சேர்ந்தது. காட்டு பங்களாவில் கூண்டில் வளர்ந்த மைனா. அதற்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. பங்களாவைச் சுற்றி உயரமான கம்பிவேலி இருக்கிறது, உள்ளே பச்சைப் புல்தரை இருக்கிறது, புலி எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்று அது கதை கதையாய்ச் சொன்னது. இங்கிலீஷ் பேசும் குட்டி என்றால் உள்ளே சேர்த்துக்கொள்வார்களாம். சேர்த்துவிட வேண்டியது தன் பொறுப்பு என்றது.

கேட்கவேண்டுமா? மறுநாளே வேப்பமரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

முதலில் யார் என்று சொல்லவேண்டும், பிறகு என்ன செய்கிறார் என்று சொல்லவேண்டும், கடைசியில்தான் மற்றதெல்லாம் என்று மைனா டீச்சர் பாடம் நடத்தியது. ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் ஏற்காது. எல்லாமே முழு வாக்கியமாக வரவேண்டும். தாகம் என்றாலும் சரி, காலில் முள் குத்தினாலும் சரி. வாய் தவறி யாராவது மான் குரலில் கத்திவிட்டால் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடும். சாயங்காலம் வரை அதைச் சுமக்கவேண்டும்.

ஒருநாள் பாம்பைப் பார்த்துப் பொட்டு கத்திவிட்டது. கட்டையோடு வீட்டுக்கு வந்த குட்டியைச் செவலை அணைக்கவில்லை. அதற்கு அவமானமாக இருந்தது. "இனிமே அந்தக் கத்து உன் வாயில வரக்கூடாது. அம்மா உசுரோட இருக்கிற வரைக்கும் வரக்கூடாது" என்றது. பொட்டு தலையாட்டியது. பாவம், அது சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

செவலை அதோடு நிற்கவில்லை. பாடம் நடக்கும்போது மந்திகள் போடும் சத்தம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அவற்றின் தலைவனிடமே போய்ச் சொல்லிவிட்டது.

தலைவன் மந்தி கோபப்படவில்லை. "நாங்க கத்துறது உங்களுக்காகத்தான் தாயி. வேண்டாம்னா போயிடுறோம்" என்று மட்டும் சொன்னது. மந்திகள் ஓடை தாண்டிப் போய்விட்டன. மருத மரங்கள் காலியாகிவிட்டதைப் பற்றி ஒரு மானும் கவலைப்படவில்லை.

ஆண்டுவிழா வந்தது. குட்டிகள் ஒவ்வொன்றாகப் பாறைமேல் ஏறி ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். நன்றாகச் சொல்லும் குட்டிக்கு பங்களாவில் இடம் என்று மைனா அறிவித்திருந்தது. கூட்டம் மொத்தமும் பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. காற்று பாறைப் பக்கமிருந்து வீசியதால் முதுகுப்பக்கத்து வாடை யாருக்கும் எட்டவில்லை. செவலைக்குத் தனியாக ஓர் இடம், கோரைப்புல்லை ஒட்டி. அங்கிருந்து பார்த்தால்தான் தன் குட்டி நன்றாகத் தெரியும் என்று அதுவே தேர்ந்தெடுத்த இடம்.

பொட்டு பாறைமேல் ஏறியது. வாயைத் திறந்தபோது, அம்மாவுக்குப் பின்னால் கோரைப்புல் விலகுவதைப் பார்த்தது. உள்ளே மஞ்சளும் கறுப்புமாய்க் கோடுகள்.

கத்து தொண்டைவரை வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. மைனாவின் காலடியில் கிடந்த மரக்கட்டையைப் பார்த்தது. கத்தை விழுங்கிவிட்டது.

"டைகர்" என்றது.

"ஒரே வார்த்தையா? முழுசா சொல்லு" என்றது மைனா.

"தேர் ஆர் டைகர்..."

"ஆர் இல்ல, இஸ். பதறாம முதல்லேருந்து வா."

பொட்டுவின் கால்கள் நடுங்கின. கூச்சம் என்று நினைத்துக்கொண்டது செவலை. அதற்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. "சொல்லு கண்ணு, உனக்குத்தான் நல்லா வருமே" என்று கண்ணாலேயே கெஞ்சியது.

பொட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னது. "தேர் இஸ் எ டைகர் பிஹைண்ட் மை மதர்."

ஒரு பிழை இல்லை. மைனா சிறகைத் தட்டி ஆரவாரம் செய்தது. அம்மாவுக்குப் பின்னால் புலி நிற்கிறது என்று குட்டி சொன்னதை அது கேட்கவே இல்லை; வாக்கியம் சரியா என்று மட்டுமே கேட்டது. மற்றக் குட்டிகள் தங்கள் முறைக்கான வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மான்கள் குளம்பைத் தரையில் தட்டின. செவலை கூட்டத்தைப் பார்த்து, "எம் பொண்ணு" என்றது.

அதற்குள் புலி அதன்மேல் பாய்ந்துவிட்டது.

கூட்டம் சிதறி ஓடியது. மைனா உச்சிக்கிளைக்குப் பறந்துவிட்டது. புழுதி அடங்கியபோது பொட்டு மட்டும் பாறைமேலேயே நின்றுகொண்டிருந்தது. கோரைப்புல்லில் ரத்தம் இருந்தது.

சாயங்காலம் மைனா இறங்கி வந்தது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றது. பங்களாவில் இடம் உறுதி, வாக்கியம் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்றும் சொன்னது. பொட்டு வாயைத் திறந்தது. காலையில் விழுங்கிய கத்தை அப்போதுதான் கத்தியது. குட்டை அதிர அதிர, திரும்பத் திரும்பக் கத்தியது.

ஓடைக்கு அப்பாலிருந்து மந்திகள் பாய்ந்து வந்தன. காலி மரங்களில் ஏறி நாலாபுறமும் தேடின. "எங்கே தாயி, எங்கே புலி?" என்று தலைவன் கேட்டது. பொட்டு கோரைப்புல்லில் இருந்த ரத்தத்தைக் காட்டியது.

பிள்ளைக்குப் புதுமொழி கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதற்காகச் சொந்தக் குரலைக் கண்டு வெட்கப்படப் பழக்கினால், ஆபத்து வரும்போது அந்தப் பிள்ளை நம்மைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் நிற்கும்.