குளம்படிகளை எண்ணிய நரி

ஈச்சங்குளத்தின் கரையில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதன் பொந்தில் மஞ்சக்கண்ணி என்ற மைனா குடியிருந்தாள். மூன்று குஞ்சுகள். மூன்றும் எப்போதும் வாயைப் பிளந்தபடியே இருக்கும்.

குளத்துக்குத் தண்ணீர் குடிக்க மான்கள் வரும். மஞ்சக்கண்ணி அவற்றின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவாள். குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. கடுங்கோடை. புல்லில் ஒரு வெட்டுக்கிளிகூடக் கிடையாது.

சில நாட்களாக மான்கள் கண்ணில் படவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஆறு இருக்கிறது. அங்கே மான் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு நடைக்கு மேல் போய்வர முடியாது. இங்கேயே காத்திருப்பதா, ஆற்றுக்குப் பறப்பதா? அவளுக்குப் புரியவில்லை.

சில நாட்களாக அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்த ஒரு நொண்டி நரி வந்தது. வயதான நரி. வேலை கிடையாது.

"நரியண்ணே! இந்தக் குளத்துக்கு மான் வருதா இல்லையான்னு தெரியணும். பாதையில எத்தனை தடம் விழுதுன்னு எண்ணிச் சொல்றியா?"

"அண்ணேன்னு கூப்பிட்டுட்டே. இனி வேற கூலி எதுக்கு?" என்றது நரி.

குளத்துக்கு இறங்க ஒரே பாதை. அதன் வாயில் மருதமரம். நரி அதன் அடியில் புதருக்குள் படுத்துக்கொண்டது. சாயங்காலம் எழுந்து வந்து மண்ணில் பதிந்த குளம்படிகளை எண்ணியது. எண்ணி முடித்ததும் வாலால் பெருக்கி அழித்தது. சுத்தமான வேலை.

"இன்னிக்கு எண்பது!"

"எண்பதா!" மஞ்சக்கண்ணி குதித்தாள். "நான் ஒண்ணையும் பார்க்கலியே?"

"நீ இரை தேடிப் போயிருப்பே. அந்த நேரத்துல வந்திருக்கும்!"

சரிதான் என்று நினைத்தாள். மறுநாள் எங்கும் போகாமல் கரையிலேயே காத்திருந்தாள். ஒரு முயல் வந்தது. இரண்டு கீரி வந்தன. அவ்வளவுதான். நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

"இன்னிக்கு நூற்றி இருபது!" என்றது நரி.

"ஐயோ, தூங்கிட்டேனே!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

குளத்து ஆமை தலையை நீட்டியது. "ஏய் மைனா! நான் காலையிலேருந்து இங்கேதான் கிடக்கேன். ஒரு மானும் தண்ணியில வாய் வைக்கலே. நீ ஆத்துக்குப் போ. பிள்ளைங்க கழுத்து துவளுது பார்."

"நூற்றி இருபது வந்திருக்கு!"

"வந்தா எங்கேடி?"

"உனக்கு ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கத்தான் தெரியும். எண்ணிக்கையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நாளுக்கு நாள் ஏறுது!"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கேட்காதவளிடம் எத்தனை தடவை சொல்வது?

மூன்றாம் நாள் இருநூறு. அன்று கடைக்குட்டி செத்தது.

மஞ்சக்கண்ணி அதைப் பொந்தின் ஓரமாகத் தள்ளிவைத்தாள். "நாளைக்கு நிச்சயம் கூட்டம் இறங்கும். கொஞ்சம் பொறுங்க," என்று மற்ற இரண்டிடமும் சொன்னாள்.

நான்காம் நாள் இருநூற்று அறுபது. சொல்லும்போது நரிக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் உட்கார்ந்த ராசி!" என்றது. அன்று இரவு இரண்டாவது குஞ்சும் போனது.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நரி தடங்களை எண்ணி அழிப்பதற்கு முன்னால், தானே பாதைக்குப் பறந்து போனாள். மண்ணில் இறங்கி நடந்தாள்.

மருதமரம் வரை குளம்படிகள் நெருக்கமாக இருந்தன. மரத்தடியில் எல்லாம் வட்டமடித்துத் திரும்பியிருந்தன. மரத்திலிருந்து குளம் வரைக்கும் வெறும் மண். ஒரு தடம் இல்லை.

மேட்டில் ஒரு பெண்மான் நின்றது. பக்கத்தில் நாக்குத் தள்ளியபடி ஒரு குட்டி.

"ஏன் இறங்கலே?" என்று கத்தினாள் மைனா.

"எப்படி இறங்க? மரத்தடியில நரி வாடை அடிக்குது! பிள்ளையை வச்சிருக்கேனே!"

"இன்னிக்கு எத்தனை தடவை வந்தே?"

"நாலு தடவை. தாகம் பொறுக்கலே. வர்றேன், வாடை அடிக்குது, ஓடுறேன். என்னோட இன்னும் பத்துப் பேர் இப்படித்தான் அலையுறோம்."

மஞ்சக்கண்ணி நரியிடம் பாய்ந்தாள். "வந்த தடத்தையும் எண்ணினியா? திரும்பி ஓடின தடத்தையும் எண்ணினியா?"

"தடத்தை எண்ணச் சொன்னே. எண்ணினேன்," என்றது நரி. அதற்கு நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை. "நான் ஒண்ணையும் தொடலியே!"

"உன் வாடைக்குப் பயந்து ஓட ஓடத்தான் எண்ணிக்கை ஏறியிருக்கு! எழுந்து போ!"

"அண்ணேன்னு சொன்னவ..." என்று முனகிக்கொண்டே நரி எழுந்து நொண்டி நொண்டிப் போனது.

வாடை உடனே போய்விடுமா? மஞ்சக்கண்ணி மலை தாண்டி ஆற்றுக்குப் பறந்தாள். அலகு நிறைய உண்ணியோடு பொழுது சாயும்போது திரும்பினாள். கடைசிக் குஞ்சின் வாயில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. அலகால் நெம்பிப் பார்த்தாள். உடம்பு விறைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காற்று மாறியது. பதினோரு மான்கள் குளத்தில் இறங்கி வயிறு முட்டக் குடித்தன. முதுகெல்லாம் உண்ணி. மைனா மரத்தைவிட்டு இறங்கவே இல்லை.

தடங்களை எண்ணுகிறவர், வந்தவர் யார், எதுவரை வந்தார், ஏன் திரும்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் எண்ணிக்கை ஏற ஏறக் கூடு காலியாகும்.