ராஜா மூக்கில் உட்கார்ந்த ஈ

மருதங்கோட்டை ராஜா வீரகேசரிக்கு மூக்கின் மேல் ஒரு மரு. மிளகு அளவுதான். ஆனால் சபையில் அது ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. கும்பிடு போட்ட கையோடு தலையைக் குனிந்துகொள்வார்கள், கெட்டிக்காரர்கள்.

வெனிஸிலிருந்து கப்பலேறி வந்த ஓவியன் மார்க்கோவுக்கு இந்த நாசூக்கை யார் சொல்லிக்கொடுத்தது? கண்டதை அப்படியே தீட்டிவிட்டான். படத்து முத்துமாலையைக் கையால் கழற்றலாம் போலிருந்தது. மருவையும்தான்.

ராஜாவின் முகம் சுருங்கியது. படம் அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் 'அது' தெரியக் கூடாது என்றார். பிரதானி தாண்டவராயர் சும்மா இருப்பாரா? 'அதை' அழித்தால் பொய்ப் படம், விட்டுவைத்தால் அவமதிப்பு, இரண்டுக்கும் தலை போக வேண்டும் என்று எடுத்துக்கொடுத்தார். அவர் குறி ஓவியன் மேல் இல்லை; அவனை வரவழைத்த பொன்னாச்சி மேல். ராணியின் தோழி, வாய்த்துடுக்குக்காரி. அடுத்த சபைக்குள் படம் சரியாகாவிட்டால் அவனுக்குத் தலை இல்லை, அவளுக்கு ஊர் இல்லை என்று தீர்ப்பாயிற்று.

மார்க்கோ அழுதான். அழுகிறவர்களைக் கண்டால் பொன்னாச்சிக்கு ஆகாது. மூக்கைச் சிந்திவிட்டுத் தூரிகையை எடுக்கச் சொல்லி, அவன் காதில் ஒரு யோசனையைப் போட்டாள்.

சபை கூடியது. திரை விலகியது. சாயம் சாயம்தான், தன் கண்ணை ஏமாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்த தாண்டவராயர் பதறிப்போனார். ராஜா மூக்கில் ஈ! ஈ ஓட்டியே பிரதானி பதவிக்கு வந்தவர் அல்லவா? மேல்துண்டை வீசினார். ஈ அசையவில்லை. மறுபடியும் வீசினார். சேனாபதி சாமரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தார். சிம்மாசனத்தில் இருந்த ராஜாவே தன் மூக்கை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது, அது சாயத்து ஈ.

தாண்டவராயருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அசல் படம் என்றால் மரு எங்கே?" என்று கேட்டேவிட்டார். அந்தச் சொல்லை யாரும் அங்கே உச்சரித்ததில்லை.

"ஈக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது," என்றாள் பொன்னாச்சி. "ஈ பறந்ததும் தெரியும். நீங்கள்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களே."

ராஜா மரு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மார்க்கோவுக்குப் பட்டு, பொன்னாச்சிக்குத் தன் கழுத்து முத்துமாலை. தாண்டவராயருக்கும் ஒரு வேலை கொடுத்தார்.

"இனிமேல் படத்தின் பக்கத்திலேயே நில்லும். அந்த ஈ பறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது உம் பொறுப்பு."